தாப்பாவில் நின்ற பஸ்

தென்காசி,
ஜூலை 1961

மச்சான் அவர்களுக்கு ஸலாம்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கப்பலில் கோலாலம்பூர் வரும்படி எழுதியிருக்கிறீர்கள். குற்றாலத்தில் சாரல், பிள்ளைக்குச் சளி, இப்போது முடியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுத மனம் வரவில்லை.

பினாங்குக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது தாப்பா பக்கம் பஸ் டயர் வெடித்ததே, நினைவிருக்கிறதா? எனக்கு அப்போது நாலாம் மாதம். வாந்தி வருகிறது என்று உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் டீக்கடைக்குப் பின்னால் போனேன். திரும்பி வந்தால் பஸ்ஸைக் காணோம்.

பாஷை தெரியாத ஊர், நல்ல மழை. கடைக்காரச் சீனப் பெண் கையைப் பிடித்து உட்காரவைத்து வெந்நீர் கொடுத்தாள். நீங்கள் ஏதாவது காரைப் பிடித்துத் திரும்பி வருவீர்கள் என்று பொழுது சாயும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள்தான் வேறொரு பஸ்ஸை மறித்து என்னை ஏற்றிவிட்டாள்.

நீங்கள் வீட்டு வாசலில் நின்றீர்கள். உங்களைக் கண்டதும் எனக்கு அழுகை முட்டியது.

"எங்கட்டீ போய்த் தொலஞ்சே? சாவி ஒங்கிட்டல்லா இருக்கு! எம்புட்டு நேரமா வெளியே நிக்கேன்" என்றீர்கள்.

பிறகு அதைக் கூட்டாளிகளிடம் வேடிக்கையாகச் சொன்னீர்கள். "எல்லாரும் ஏறியாச்சான்னு கண்டக்டர் கேக்கான்லே, நான் தூக்கக் கலக்கத்துல ஆமான்னுட்டேன்." அவர்கள் சிரித்தார்கள். நான் அவர்களுக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தேன்.

பிரசவத்துக்கென்று ஊருக்குக் கிளம்பியபோதே, திரும்பி வருவதில்லை என்று முடிவுசெய்துவிட்டேன். மகளைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் வாருங்கள். அவளுக்கு இப்போது முகம் தெரிகிறது. அந்நியரைக் கண்டால் அழுகிறாள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் உம்மா