ஒரு போல்ட்டுக்கு ஒரு சாவி

ஜூன் 8, ஞாயிறு

கார் பின்சக்கரத்தில் மூன்று நாளாகக் கறகறவென்று சத்தம். பிரேக் பேட் தேய்ந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் ஒரு வாரம் வண்டியை விடச் சொல்கிறான். செவ்வாய், வியாழன், சனி என் மனைவி மங்கைக்கு டயாலிசிஸ். ஊசி ஏறும் அந்த இடது கை எதிலும் இடிபடக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். பஸ் கூட்டத்தில் எப்படிப் போவாள்? துபாய் போன மருமகன் விட்டுப் போன இந்தக் கார்தான் வழி.

நானே மாற்றுகிறேன் என்றேன். எனக்கு எழுத்து ஏறவில்லை. நான் சொல்லச் சொல்ல மங்கைதான் எழுதுகிறாள். "எழுதிட்டேன், மேல சொல்லு" என்கிறாள்.

ஜூன் 9

ஜாக்கி போட்டுப் பின்சக்கரம் இரண்டையும் கழற்றினேன். உள்ளே போல்ட்டுத் தலையில் நட்சத்திரம் மாதிரிக் குழி. என் ஸ்பேனர் பெட்டியில் இருக்கும் ஒரு பானாவும் மாட்டவில்லை. மச்சிலிப்பட்டினத்துக்கு அந்தப் பக்கம், தொண்ணூற்றொன்றில், நடுக்கடலில் போட் எஞ்சின் நின்றபோது இரண்டு பானாவும் ஒரு சுத்தியும் வைத்துப் பிரித்தவன் நான். எண்ணெய் கசியாமலிருக்கப் பிஸ்கட் அட்டையில் கேஸ்கெட் வெட்டிப் போட்டுக் காசிமேடு வரை ஓட்டி வந்தேன். இங்கே வீட்டு வாசலில் ஒரு போல்ட்டு அசையவில்லை.

மண்ணடிக்குப் போனேன். டூல்ஸ் கடை லியாகத் அலி பாய் சிரித்தார். "இது ஸ்டாரு மாமு. இதுக்குன்னு தனி கீ கீது. உன் சாமானெல்லாம் போட்டுக்குத்தான் ஆவும்."

வாங்கி வந்தேன்.

ஜூன் 10

மங்கை ஜூடியின் ஆட்டோவில் போனாள். ஜூடி எங்கள் தெருப் பெண், அவளேதான் ஓட்டுகிறாள். எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, கார்ல போவ சொன்னா காருக்குக் கீழ பூந்துகினு கீற?" என்றாள். மங்கையும் சிரித்தாள். சிரிக்கட்டும்.

ஜூன் 11

போல்ட்டு கழன்று வந்தது. அடுத்த தொல்லை. புது பேட் தடிமன். அது உட்கார, பேடைத் தள்ளுகிற பிஸ்டன் உள்ளே போக வேண்டும். கிளாம்ப் போட்டு நெருக்கினேன் — போகவில்லை. மறுபடி மண்ணடி, மறுபடி பஸ்.

"அது தள்ற ஐட்டம் இல்ல மாமு. அமுக்கிக்கினே திருவணும்."

"அதுக்கும் தனி சாவியா பாய்?"

"அதுக்கும் தனி."

யார் யோசித்துச் செய்த வேலை இது? வாங்கினவன் தன் வண்டியைத் தானே தொடக்கூடாது என்றா? இந்தச் சாவியை அடுத்து எப்போது எடுப்பேன்? அடுத்த பேட் தேயும்போது. அதுவரை நான் இருக்க வேண்டாமா? அலுத்துப் போச்சு.

ஜூன் 12

வெயில். முதுகு வலி. மங்கை இன்றும் ஆட்டோ.

ஜூன் 13

முடித்தேன். பிஸ்டன் திருகித் திருகி உள்ளே போனது. நாலு நாள் திறந்து கிடந்ததில் பிரேக் தட்டு செவசெவவென்று துரு. எங்கள் எண்ணூர்க் கடல் காற்று அப்படி. துடைத்துவிட்டு, இரண்டு பின்சக்கரத் தட்டுக்கும் வழவழவென்று கிரீஸ் பூசினேன். கடலுக்குப் போகும் முன்னால் போட்டில் இரும்பென்று இருக்கிற எல்லாவற்றுக்கும் பூசுவோமே, அப்படி. தெருவில் மெதுவாக ஓட்டினேன். சத்தம் இல்லை. நாளைக்குக் காரில்தான் போகிறோம் என்று மங்கையிடம் சொன்னேன்.

ஜூன் 17

இன்றுதான் மங்கை பேனாவை எடுத்தாள். சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

பாலத்து ஏற்றத்தில் கன்டெய்னர் வண்டிகள் வரிசையாக நின்றன. கால் வலிக்கிறதென்று ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக் காலை எடுத்தேன். வண்டி பின்னால் வழுக்கிக்கொண்டு போனது. பின்னால் டிரெய்லர். காலால் ஓங்கி மிதித்தேன். முன்சக்கரம் பிடித்து, குலுங்கி நின்றது. டிரெய்லர்காரன் தலையை நீட்டி, "யோவ் பெருசு, காரா அது, ஊஞ்சலா?" என்று கத்தினான்.

மங்கையின் இடது கை கதவில் இடித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் கை வீங்கி, ஊசி ஏறவில்லை. இரண்டு தடவை குத்தினார்கள். மூன்றாவதில்தான் ஏறியது. நான் வெளியே நின்றிருந்தேன்.

கிரீஸ். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தைத்தான்; அங்கே, பிரேக் பிடிக்கிற இடத்திலேயே கிரீஸ். போன் செய்ததும் பாய் முதலில் சிரித்தார், அப்புறம் சிரிக்கவில்லை. "பேட் எண்ணெய் குடிச்சிருக்கும் மாமு. வேற போட்டாவணும். அதான் ரெண்டு கீயும் உன்கிட்டயே கீதே?"

இருக்கிறது.

இன்று மங்கை தனியாக ஆட்டோவில் போனாள். "நீ வராத" என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் 19

இன்றும் தனியாகத்தான். கார் அப்படியே நிற்கிறது. தொடவில்லை.

ஜூன் 21

ஜூடி வந்து ஹாரன் அடித்தாள். நான் கதவருகில் நின்றேன். மங்கை ஏறி, வலது ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். இடது பக்கம் இடம் காலியாக இருந்தது. "ஏறு நைனா, லேட்டாவுது" என்றாள் ஜூடி. மங்கையைப் பார்த்தேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏறினேன். ஹைரோட்டில் எல்லாம் பள்ளம். முதல் பள்ளத்தில் ஆட்டோ தூக்கிப் போட்டதும், வீக்கம் வடியாத அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்தாள். ஆஸ்பத்திரி வரும்வரை எடுக்கவில்லை.