தோலுக்கு அடியில் ஒரு சிலாம்பு

நவம்பர் 6, வியாழன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வில்லுக்குத் தோல் ஒட்ட இதைவிட மோசமான மாதம் கிடையாது. ஆனால் ரகு 23ஆம் தேதி ஞாயிறு என்று வில்வித்தைக் குழுவில் சொல்லிவிட்டார். ஈ.சி.ஆர். சவுக்குத்தோப்பில் எல்லாரும் மரவில் கொண்டுவருகிறார்களாம். என் புருஷன் ரகுவுக்கு ஊரெல்லாம் சொல்லியாக வேண்டும், "என் வைஃப் பண்ணின வில்."

நான் செய்ததில் இது ஐந்தாவது. நாலாவது ஆகஸ்டில் அவர் கையில் உடைந்தது. மேல் பாதி தெறித்து இடது புருவத்தில் அடி. நாலு தையல். "ஒரு விரல் கீழ பட்டிருந்தா கண்ணு" என்றார் டாக்டர். ரகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் தினமும் அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டே காபி கலக்கிறேன்.

வாங்க: ஆட்டுத்தோல், மரப்பசை, கிரேப் பேண்டேஜ் 6, தோசை மாவு. ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி பேப்பர் திருத்த 41 பாக்கி.

நவம்பர் 7, வெள்ளி

ஸ்கூல் முடிந்து நேரே குளத்துப் பக்கம், மிருதங்கத்துக்குத் தோல் போடுகிறவரிடம்.

"வில்லுக்கா? இன்னா மேடம், மான் அடிக்கப் போறீங்களா?" சிரித்தார். ஆனால் ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் கொடுத்தார். "இத்த எடுங்க. முதுகுப் பக்கம். கனம் ஒரே மாதிரி கீது."

மெடிக்கலில் ஆறு பேண்டேஜ் கேட்டதும், "யாருக்கு மேடம் அடி?" "யாருக்கும் இல்லை." சில்லறையை எண்ணாமலே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தோல் ஊறுகிறது, பாத்ரூம் பக்கெட்டில். ரகு எட்டிப் பார்த்தார். "ஆத்துக்குள்ள ஆட்டுத்தோலா?" மிருதங்கம் மட்டும் பூஜை ரூம் வரைக்கும் வரலாமா என்றேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்.

நவம்பர் 8, சனி

வீட்டு வேலைக்கு வரும் செல்வி பாத்ரூமிலிருந்து கத்தினாள். "அக்கா, பக்கெட்ல இன்னாது? கொயகொயன்னு கீது. ஊத்திடவா?" ஓடிப்போய் பிடுங்கினேன். நல்லவேளை கேட்டாள்.

மதியம் ஒட்டினேன். அதற்கு முன் நடந்ததை எழுதிவிடுகிறேன், இங்கேயாவது.

பசை பிடிக்க வில்லின் முதுகை உப்புத்தாளால் தேய்த்தேன். முதுகு என்றால் எய்பவருக்கு எதிர்ப்புறம். இழுவை முழுக்க அங்கேதான். மேல் பாதியில், பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு சிலாம்பு, மரச்சிராய், தூக்கிக்கொண்டு நின்றது. நக நீளம்தான். நகத்தால் நெம்பினால் அசைகிறது.

தோல் போடுவதே இதற்குத்தான். மேல் நாரை எழும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும். சரிதான். ஆனால் இந்தச் சிலாம்பு எவ்வளவு ஆழம்? தெரியாது. பசையை உள்ளே விட்டு அமுக்கினேன். மேலே ஈரத்தோல். அதன்மேல் பேண்டேஜ், நுனியிலிருந்து நுனிவரை, இறுக்கி. ஹாலில் ரகு போனில் இருந்தார். கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். கூப்பிடவில்லை.

இனி யாருக்கும் தெரியாது. என்னைத் தவிர.

நவம்பர் 10, திங்கள்

பேண்டேஜ் பிரித்தாயிற்று. ஓரங்கள் இன்னும் ஈரம். கொப்புளம் இல்லை. வாடை இருக்கிறது.

ரகு வந்து தோலை மிருதங்கம் போலத் தட்டினார். "நன்னா பிடிச்சிண்டிருக்கே!" விரல் சரியாக அந்த இடத்தில். காபி வேணுமா என்று கேட்டேன். வேறென்ன கேட்பது.

பேப்பர் 29 பாக்கி.

நவம்பர் 13, வியாழன்

கனமழை. ஸ்கூல் லீவு. வேளச்சேரியில் அக்கா வீட்டுத் தெருவில் முழங்கால் தண்ணீர். ஸ்கூட்டரை மாடிப்படியில் ஏற்றிவிட்டாளாம்.

தோல் நமுத்த அப்பளம் மாதிரி. துணி பீரோவைக் காலி செய்து, டேபிள் லாம்பை எரியவிட்டு, வில்லை உள்ளே நிறுத்தியிருக்கிறேன். சூடு அதிகமானால் மரம் வெடிக்கும். கால் மணிக்கொரு தடவை திறந்து தொட்டுப் பார்க்கிறேன். "குழந்தைக்கு ஜுரமா?" என்கிறார் ரகு.

நவம்பர் 19, புதன்

காய்ந்தது. நகம் போலக் கெட்டி, தேன் நிறம், மரத்தின் ரேகை உள்ளே தெரிகிறது. அழகு. அது வேறு பயமாக இருக்கிறது.

ரகு ஆபீஸ் போனதும் வில்லை ஜன்னல் கம்பியில் கட்டி, நாணில் கயிறு மாட்டி, அடுத்த அறையில் கதவுக்குப் பின்னால் நின்று இழுத்தேன். 20 அங்குலம், முப்பது தடவை. 24, முப்பது. 26, இருபது. சத்தமில்லை.

ரகு இழுப்பது 28. அதை இழுக்கவில்லை. கை வரவில்லை.

நவம்பர் 22, சனி

சொல்லிவிட்டேன்.

நாணுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். "மேல் பாதியில ஒரு சிலாம்பு இருக்கு. தோல் ஒட்டறதுக்கு முன்னாடியே பார்த்தேன்."

தேய்ப்பதை நிறுத்தினார். "என்னிக்கு?"

"எட்டாம் தேதி."

திட்டுவார் என்று நினைத்தேன். மெழுகைக் கீழே வைத்தார். பிறகு, "போன வில்? அதுவும் உனக்கு முன்னாடியே தெரியுமோ?"

"இல்ல. சத்தியமா இல்ல, ரகு."

"ஆகஸ்ட்லேர்ந்து கேக்கணும்னு நினைச்சிண்டே இருக்கேன். கேட்டா நீ வில் பண்றதையே விட்டுடுவியோன்னு..."

மூன்று மாதமாக அவர் பேசாமல் இருந்ததைப் பெருந்தன்மை என்று எண்ணியிருந்தேன். அழுகை வந்தது. அவர் எழுந்துபோய்க் கயிற்றை எடுத்துவந்தார். இரண்டு பேரும் கதவுக்குப் பின்னால். அவர் இழுத்தார், நான் எண்ணினேன். 28, இருபது தடவை. ஒன்றும் ஆகவில்லை.

"நாளைக்கு நான்தான் முதல்ல" என்றேன். சரி என்றார்.

நவம்பர் 23, ஞாயிறு

மழை இல்லை. தோப்பில் மண் மட்டும் ஈரம். ஸ்கூல் லேபிலிருந்து கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டு கொண்டுபோயிருந்தேன். சொல்லாமலே ரகு ஒன்றை மாட்டிக்கொண்டார்.

ஆகஸ்டுக்குப் பிறகு நான் வில்லைக் கையில் பிடித்து இழுத்தது இன்றுதான். ஆறு அம்பு. ஒன்றுகூட இலக்கு அட்டையில் படவில்லை, படவும் வேண்டாம்.

பிறகு ரகு. இரண்டு அம்பு சுத்தமாகப் போனது. மூன்றாவதற்கு இழுக்கும்போது, டிக். சின்னச் சத்தம். அம்பை விடாமல் மெதுவாகத் தளர்த்தினார். வில்லை என்னிடம் நீட்டினார். "பாரு."

பையிலிருந்து பஞ்சை எடுத்து நுனியிலிருந்து நுனிவரை இழுத்துப் பார்த்தேன், விரிசல் இருந்தால் சிக்கும். எங்கும் சிக்கவில்லை. நாண் பொருந்திய சத்தமாக இருக்கலாம். உள்ளே நார் விட்ட சத்தமாகவும் இருக்கலாம். சுற்றி நாலு பேர் பார்க்கிறார்கள்.

"தெரியலை, ரகு. நல்லா இருக்குன்னு என்னால சொல்ல முடியாது."

"அப்போ போறும்" என்று நாணைக் கழற்றிவிட்டார். யாரோ "அவ்ளோதானா சார்?" என்றார்கள். "அவ்ளோதான்."

திரும்பும்போது அவர்தான் ஓட்டினார். வில் பின் சீட்டில். இனி அதை யாரும் இழுப்பதில்லை. திருவான்மியூர் சிக்னலில் நிற்கும்போது கேட்டார்.

"ஆறாவதுக்குக் கட்டை எங்க வாங்கப்போறே? நானும் வரேன். ரேகையை ரெண்டு பேரும் பார்க்கலாம்."

பதில் சொல்வதற்குள் பச்சை விழுந்தது. பின்னால் ஒரே ஹாரன்.