மாடனுக்குச் சோடி

அன்பு மகள் அனுஜாவுக்கு, தூத்துக்குடியிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நம் அரிசிக்கடையும் சுகம், பிலிப்பைன்ஸில் நீயும் உன் நெல் ஆராய்ச்சியும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்ல வந்தால் சிரிப்பு முந்திக்கொள்கிறது, அதனால் எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்பும், உன்னோடு வேலை பார்க்கும் ஜெபின் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். கவர் பிரிக்காமல் வந்ததா என்று பார்த்துக்கொள்.

நீ கொடுத்துவிட்ட மரச்சிலையை அவன் போன சனிக்கிழமை கடைக்கே கொண்டுவந்தான். குத்தவைத்து, முழங்கால் மேல் கைகட்டி முறைக்கிற அந்த ஆளைக் கண்டதும் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டார். நம்ம காவல்சாமி மாடன்தான், கடல் தாண்டிப் போய் மெலிஞ்சிட்டாரு என்று திருநீறு பூசி, இடுப்பில் துண்டு கட்டி, முன்னால் ஒரு சுருட்டும் வைத்தாயிற்று. ஜெபின் பதறிப்போய், இது மாடன் இல்ல, அங்க மலையில நெல்லு வெளையவைக்கிறவங்க பத்தாயத்துக்குக் காவல் வைக்கிற சாமி, சோடியாத்தான் வைப்பாங்க மாமா என்றான். ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும் மனுஷனை இவன் மாமா என்கிறான். அப்பா நிதானமாக, அப்ப இதுக்குச் சோடி எங்க என்று கேட்டார். எங்க ஊரு நாசரேத்துல அம்மாட்ட இருக்கு என்றவனுக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டது, வாரேன் அண்ணாச்சி என்று மாற்றிச் சொல்லிவிட்டு ஒரே ஓட்டம்.

ஏளா, இரண்டு பேருமாகச் சோடி வாங்கி, வீட்டுக்கொன்றாக அனுப்பினால் எங்களுக்குப் புரியாதா? அப்பா மூன்று நாள் ஒரே கடைக் கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தார். நீ பயந்து மறைத்தது ஒரு வருத்தம், அவர்கள் சர்ச், நாம் கோயில் என்பது இன்னொரு யோசனை. முடியாது என்று சொல்லிவிடுவாரோ, நீ உடைந்துபோவாயோ என்று நான் அவர் பின்னாலேயே சுற்றினேன். நாலாம் நாள் காலையில் சிலையை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, கெளம்பு, அந்தச் சோடியப் பாத்துட்டு வருவோம் என்றார்.

நாசரேத்தில் ஜெபினுடைய அம்மா ஜெப்ஸி டீச்சருக்கு எங்களைக் கண்டதும் வியர்த்துவிட்டது. ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்கள் பார்த்தால் விக்கிரகம் என்பார்களே என்று டீச்சர் அந்தப் பெண் சிலையைத் துண்டில் சுற்றி ஒளித்து வைத்திருந்தார்கள். எங்கே தெரியுமா, அரிசி டிரம்முக்குள். வெளியே எடுத்தால் அட்சதை போட்டதுபோலத் தலையெல்லாம் அரிசி. டீச்சரம்மாதான் சரியான எடத்துல வச்சிருக்காங்க, நாந்தான் சுருட்டு குடுத்துக் கெடுத்துட்டேன் என்று அப்பா சிரித்த சிரிப்பில் டீச்சருக்குக் கண்ணில் தண்ணீர், எனக்கும்தான். சோடியப் பிரிச்சு வைக்கப்பிடாது என்று நம்முடையதையும் அந்த டிரம்முக்குள்ளேயே இறக்கி மூடியைப் போட்டுவிட்டார். மஞ்சப்பை காலியாகத் திரும்பி வந்தது.

தாயே, தீர்க்காயுசாக, குறையில்லாமல் இரு. நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. தை மாதம் இருவருமாக வந்து சேருங்கள். அப்பா எழுதச் சொன்னது ஒன்றுதான், மறக்காமல் ஜெபினிடம் சொல்லிவிடு: இனிமேல் அண்ணாச்சி என்று மாற்ற வேண்டாமாம், முதலில் கூப்பிட்டபடியே கூப்பிடலாமாம்.

இப்படிக்கு,
சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும் உன் அம்மா
உமாராணி மந்திரமூர்த்தி