பிந்திப் பூத்த ஆண் மரங்கள்

ஜனவரி 9
கூட்டுக் கிணற்றில் எங்கள் முறைக்கு வரும் தண்ணீர் இனி ஒரு தோட்டத்துக்குத்தான் போதும். ஈரானில் எங்கள் ரஃப்சஞ்சான் வட்டாரம் முழுக்க இதே கதை. என் அப்பா, பாபா, தன் இருபத்துநாலு வயதில் நட்ட மேல்தோட்டத்துப் பிஸ்தா மரங்களா, இருபது வருடமே ஆன கீழ்த்தோட்டமா? எதைச் சாக விடுவது? நீரியல் படித்த எனக்குப் பதில் தெரியவில்லை. கணக்கு மட்டும் தெரிகிறது: இளையவை இன்னும் நூறு வருடம் காய்க்கும்.

ஜனவரி 12
மேல்தோட்டத்தை வெட்டிவிடலாம் என்று பாபாவிடம் சொல்லிவிட்டேன். கோபப்படவில்லை. மேலே இருக்கும், மகரந்தம் தரும் ஆண் மரங்களையாவது விட்டுவை என்றார். கீழேயே ஆறு ஆண் மரங்கள் இருக்கின்றன, எண்ணினேன் என்றேன்.

"அதுங்க சோம்பேறிங்க மஹீன். பந்தி முடிஞ்சப்புறம் வந்து நிக்கிற மாப்பிள்ளைங்க."

சிரித்தேன். வெட்ட மனமில்லாமல் சாக்குத் தேடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

பிப்ரவரி 3
மேல்தோட்டத்தை வெட்டி முடித்தார்கள். பாபா உள்ளே ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 6
பெண் மரங்கள் பூத்துவிட்டன. ஆறு ஆண் மரங்களிலும் மொட்டு இறுகியே கிடக்கிறது. பக்கத்துத் தோட்டத்து ஸரீன்தாஜ் மதில்மேல் தலையை நீட்டினாள்.

"என்ன படிச்ச பொண்ணே, மாப்பிள்ளை வீட்டைக் காணோம்? எங்க மரத்து மகரந்தம் தரேன், மாவுல கலந்து தூவு."

இரண்டு நாளில் பூத்துவிடும், வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 15
இன்றுதான் பூத்தன. பெண் பூக்கள் எல்லாம் கருகிவிட்டன. இத்தனை வருடமும் இவற்றுக்கு மகரந்தம் தந்தவை மேல்தோட்டத்து ஆண் மரங்கள்தான்.

செப்டம்பர் 11
அறுவடை. ஓடுகள் வாய் திறக்கவில்லை. நாற்பது உடைத்தேன். மூன்றில் பருப்பு, மற்றதெல்லாம் பொக்கு. பாபா ஏன் அன்று கத்தவில்லை? கத்தியிருந்தால் — கேட்டிருப்பேனா? மாட்டேன். நாளை எங்கள் தண்ணீர் முறை. அதற்கு முன் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

செப்டம்பர் 12
சொல்லத் தேவையிருக்கவில்லை. காலையில் அவருடைய தேநீர்த் தட்டில் உடைத்த ஓடுகள் குவிந்திருந்தன. மேல்தோட்டத்தில் வாய்க்கால் கரையை மண்வெட்டியால் வெட்டிக்கொண்டிருந்தார்.

"வெட்டின ஆண் மரத்து அடி துளிர்க்கும்."

"துளிர்த்தாலும் பூக்கப் பத்து வருஷம் ஆகும் பாபா."

"நீ பாப்பல்ல."

துளிர்க்கும் என்று நான் நம்பவில்லை. மண்வெட்டியை வாங்கி நானே கரையை வெட்டிவிட்டேன். தண்ணீர் வெட்டுண்ட அடிமரங்களுக்கு இடையே போயிற்று. கீழ்த்தோட்டத்துக்கு இந்த முறை தண்ணீர் இல்லை.