நிற்கும்போதும் குளிர வேண்டும்

அண்ணே,

நேற்று செனாவாங்கில் மகளுடைய காரில் சிவப்பு விளக்குக்காக நின்றுகொண்டிருந்தோம். உச்சி வெயில். இருபக்கமும் மோட்டார் சைக்கிள்கள். காரின் முன்பக்கத்தில் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. எஞ்சின் ஒரு கணம் தாழ்ந்து மறுபடி நிமிர்ந்தது. முகத்தில் குளிர்காற்று பட்டது. மகளுக்கு அந்தச் சத்தம் காதில் விழவே இல்லை. நான் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

"என்னம்மா, ரொம்பக் குளிருதா? கொறைக்கவா?" என்றாள்.

வேண்டாமென்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ என் வீட்டு வாசலில் வந்து நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறது. வழக்கம்போலக் காரைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்திருந்தாய். அந்தக் கார் என் கண்ணில் படக்கூடாது என்பதற்காக இருபத்தைந்து தீபாவளிக்கும் மேலாக அப்படித்தான் வந்தாய். காப்பியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாய்.

"பாப்பா, கார்ல ஏர்கான் வைக்கணும்லா. பழைய கார் ஒடைக்கிற எடத்துல கம்ப்ரசர் ஒண்ணு கெடச்சது. லுக்குட் டவுன் மெக்கானிக் மாட்டிட்டாரு. ஆனா சுவிட்சப் போட்டா வண்டி செத்துப்போவுது. நீ ஃபேக்டரியில இந்த ஒயர் வேலயெல்லாம் பாக்கிறியே, வந்து பாக்கிறியா?"

"அந்தக் காருக்கா?" என்று கேட்டேன்.

நீ தலையைக் குனிந்துகொண்டாய். "அதுக்குத்தான்."

வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசர காலத்தில் அது நம் ரப்பர் எஸ்டேட் துரையின் கார், நீதான் டிரைவர். காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டுகள் சுடுகிறார்கள் என்று நான்கு ஜன்னல்களிலும் இரும்புத் தகடு வைத்துத் திருகிவிட்டிருந்தார்கள். முன்கண்ணாடியிலும் தகடுதான். நீ பார்த்து ஓட்ட இரண்டு விரல் அகலத்தில் ஒரு பிளவு மட்டும் விட்டிருந்தார்கள். வெயிலில் நின்றால் உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும். நீ ஒவ்வொரு நாளும் சட்டை நனைந்து, உதடு வெடித்து வீட்டுக்கு வருவாய்.

அம்மாவுக்கு மூச்சிரைப்பு முற்றிய அன்று, துரையின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அந்தக் காரை வாங்கிக்கொண்டு வந்தாய். சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அம்மா பின்சீட்டில் என் மடியில் படுத்திருந்தாள். எனக்குப் பதிமூன்று வயது. அம்மாவுக்குப் பசிக்குமே என்று, அவளுடைய மாற்றுச் சேலைக்குள் ஒரு டப்பாவில் சோறு சுற்றி வைத்திருந்தேன். எஸ்டேட்டுக்கு வெளியே ஒரு பருக்கை கொண்டுபோகக் கூடாது என்று எனக்குத் தெரியும். காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போகிறது என்று பிடித்துவிடுவார்கள். தெரிந்துதான் வைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

புக்கிட் பெலண்டோக் தாண்டியதும் சோதனைச் சாவடி. மூட்டையை அவிழ்த்தார்கள். டப்பா வெளியே வந்தது. "யாரோடது?" என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொல்லிவிட்டாய்.

"என்னோடது தான், ஐயா. வழியில சாப்பிட வெச்சேன்."

உன்னைக் கீழே இறக்கினார்கள். இறங்கும்போது என்னிடம், "கதவத் தொறக்காத பாப்பா. என்ன ஆனாலும் தொறக்காத" என்றாய். முந்தின வாரம்தான் சாவடி இருந்த அந்த வளைவில் காட்டுக்குள்ளிருந்து ஒரு லாரியைச் சுட்டிருந்தார்கள். எஞ்சின் நின்றுபோயிருந்தது. தகடுகள் சுட ஆரம்பித்தன. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "காத்து, காத்து" என்றாள். நான் பிளவு வழியாகக் கத்தினேன். "அண்ணே, அம்மாவுக்கு மூச்சு முட்டுது! கதவத் தொறக்கவா?" நீ கைகளைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றிருந்தாய். ஒருவன் உன்னை அறைந்தான். நீ என் பக்கம் திரும்பாமலே, "வேணாம்!" என்று கத்தினாய்.

ஒரு மணிநேரத்துக்குமேல் ஆகியிருக்கும், உன்னை விட்டார்கள். நீ கதவைத் திறந்தபோது அம்மாவின் கை என் கையில் இருந்தது. ஆனால் அவள் இல்லை.

எஸ்டேட் லயத்து வீட்டில் அவளைக் கிடத்தியிருந்தபோது, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் நான் கத்தினேன். "நீதான் கொன்ன! தொறக்கவான்னு கேட்டேன், நீதான் வேணான்ன!" நீ சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய்.

என்னைச் சின்னம்மா சிரம்பானுக்குக் கூட்டிப்போனாள். நான் அங்கேயே வளர்ந்து, மணமாகி, வேலைக்கும் போனேன். துரை ஊருக்குக் கப்பலேறியபோது அந்தக் காரை உனக்கே விட்டுப்போனார். நீ தகடுகளைக் கழற்றிவிட்டு அதை ஓட்டத் தொடங்கினாய் என்று கேள்விப்பட்டபோது, அம்மா செத்த காரில் இவனால் எப்படி உட்கார முடிகிறது என்று சின்னம்மாவிடம் அழுதேன்.

காரணத்தை நீ சொன்னது அந்த ஞாயிற்றுக்கிழமைதான், அதுவும் நான் கேட்ட பிறகு. எஸ்டேட்டில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும், யாருக்குக் காய்ச்சல் தலைக்கேறினாலும் அந்தக் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாயாம். இத்தனை வருஷமாக. "எல்லாம் வெயில்ல வாடிப்போறாங்க பாப்பா. அதான்."

அடுத்த வாரம் உன் வீட்டுக்கு வந்தேன். மெக்கானிக்கும் இருந்தார். அவருக்கு இது சின்ன விஷயம். "பழைய எஞ்சின், சக்தி பத்தாது. வண்டி நின்னா கம்ப்ரசர் தானா அணைஞ்சிடற மாதிரி சுவிட்சு வெச்சிடலாம். ஓடும்போது மட்டும் வேல செய்யட்டும்" என்றார்.

நீ யாரிடமும் குரலை உயர்த்தாதவன். அன்று உயர்த்தினாய்.

"ஓடும்போது காத்து தானா வருதுலா! நிக்கும்போதுதான் வேணும்! நிக்கும்போதுதான்!"

மெக்கானிக் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் பானட்டுக்குள் குனிந்துகொண்டேன். என் கண்ணீர் சூடான எஞ்சின்மேல் விழுந்து காய்ந்தது.

மூன்று ஞாயிறு ஆனது. பழைய டைனமோவை எடுத்துவிட்டு, நிற்கும்போதும் மின்சாரம் தரக்கூடிய புதியதை மெக்கானிக் மாட்டினார். கம்ப்ரசர் திடீரென்று பிடிப்பதால்தான் எஞ்சின் திணறியது. அதனால் சுவிட்சைப் போட்டதும் முதலில் ஒரு சின்னக் கம்பி பெட்ரோல் வழியைக் கொஞ்சம் இழுத்துத் திறக்க வேண்டும், எஞ்சின் வேகம் கூடி இரண்டு நொடி கழித்துத்தான் கம்ப்ரசர் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். அந்த இரண்டு நொடியை எண்ணிக் கொடுக்கும் மின்சுற்றுப் பலகையை நான் செய்தேன். முதல் பலகை புகைந்தது. இரண்டாவது ஒரு நொடியிலேயே கம்ப்ரசரைப் பிடிக்க விட்டுவிட்டது, வண்டி குலுங்கி நின்றது. மூன்றாவதைப் பொருத்தியபோது எஞ்சின் உறுமி, நிதானித்து, 'டக்' என்றது. வண்டி நிற்கவில்லை.

ஓட்டிப் பார்க்க சி ரூசா கடற்கரைக்குப் போனோம். அம்மாவுக்குப் பிறகு முதல் தடவையாக நான் அந்தக் காரில் ஏறினேன். முன்சீட்டில் உட்கார்ந்தேன், பின்னால் பார்க்கவில்லை. பள்ளி விடுமுறை, கடற்கரைச் சாலை அடைத்துக்கொண்டது. முக்கால் மணிநேரம் ஓர் அங்குலம் நகரவில்லை. ஏர்கான் நிற்கவே இல்லை. நீ குளிர்காற்று வரும் இடத்தில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டிருந்தாய். வெகுநேரம் கழித்து, "இது அப்பவே இருந்திருந்தா..." என்றாய்.

அப்போது சொல்லியிருக்கவேண்டும் அண்ணே. அந்தச் சோறு என்னால், அந்த ஒரு மணிநேரம் என்னால் என்று. வாய்வரை வந்தது. முன்னால் இருந்த கார் நகர்ந்தது, நீ கியரைப் போட்டாய். இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுவருஷம் நீ உன் வீட்டு வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது கார் உன் பக்கத்திலேயே நின்றது. சாவியும் அதிலேயே இருந்தது. அந்தப் பழைய கியரை உன்னைத் தவிர யாருக்கும் போடத் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. எத்தனையோ பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நீ, உன்னைக் கொண்டுபோக ஒருவருமில்லை.

கருமாதி அன்று அண்ணி என்னிடம் சொன்னாள். "அந்தச் சோத்த வெச்சது நாந்தான், அதனாலதான் அம்மா போயிட்டாங்கன்னு சொல்லிச் சொல்லி அழுவாரு பாப்பா. கடைசி வரைக்கும்."

உன் மனைவியிடம்கூட நீ மாற்றிச் சொல்லவில்லை.

"அது நான் வெச்சது அண்ணி" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

"பதிமூணு வயசுப் புள்ள, நீ என்னத்தக் கண்ட?" என்றாள்.

அன்றிலிருந்து இன்றுவரை நான் சுமந்துகொண்டிருப்பது அந்தக் கேள்வியைத்தான். எனக்கு அவ்வளவு எளிதாகக் கிடைத்த மன்னிப்பை உனக்குத் தர ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. துப்பாக்கிகளுக்கு நடுவே கையைத் தூக்கிக்கொண்டு, என் பழியை உன் பழியென்று சொல்லி நின்றாயே, உனக்கு அப்போது இருபத்தொரு வயதுதான், அண்ணே.