சாத்தியிருந்த கதவு

பேத்திக்கு,

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, நான், காய்ச்சலில் கிடந்த தம்பி.

இப்போது அப்பாவின் நினைவில்லமாகிவிட்ட அதே வீட்டை நேற்று நீயும் நானும் சீட்டு வாங்கிப் பார்த்தோம். “அய்யா எழுதுறப்போ ஈ கூட உள்ள போகாதாம்” என்றாள் சுற்றிக்காட்டியவள். உனக்கும் எழுத்து வரட்டுமென்று அவர் எழுதிய அறையின் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். நான் வெளியே போனதில் உனக்குக் கோபம்.

அன்று தம்பிக்குக் கண் செருகியதும் அந்தக் கதவைத் தட்டத்தான் ஓடினேன். “சும்மா இருடி, அப்பா எழுதுறாரு” என்று அம்மா என் வாயைப் பொத்தினாள். அப்பா எழுதி முடித்து வெளியே வந்தபோது தம்பி சில்லிட்டிருந்தான். “என்னை ஏன்டி கூப்பிடல?” என்று அம்மாவைக் கேட்டு அழுதார்.

எனக்கு அப்பாவைப் பிடிக்காது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நான் மன்னிக்காதது அம்மாவை.

உன் பாட்டி