லாயச் சுவரில் மஞ்சள் தண்ணீர்

மே 12, 2025

பண்ணையின் பழைய குதிரை லாயத்துக்கு இரண்டாவது பூச்சும் அடித்து முடித்தேன். முந்நூறு வருடக் கட்டடம். பெயின்ற் தொடக்கூடாது, சட்டப்படி சுண்ணாம்பு மட்டும்தான். தோள் கழன்றுவிட்டது.

மே 14

முதலாளி ஹென்னிங் செத்துப்போனார். லாயத்தின் வெளிச்சுவரில் சாய்ந்தபடி இருந்தார். நான்தான் கண்டேன். வெயில் காய்கிறார் என்று நினைத்து இரண்டு தரம் கூப்பிட்டேன்! ரண்டர்ஸ் நகரத்திலிருந்து அம்புலன்ஸ் வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். பத்தொன்பது வருடம் இவரிடம்தான் வேலை செய்தேன். இன்னும் நம்ப முடியவில்லை.

மே 15

அவருடைய மகள் கிர்ஸ்டன் நாளை வருகிறாளாம். பண்ணையை விற்கத்தான். பண்ணை வாசலில் நாங்கள் இருக்கும் கேற்றடி வீடும் பண்ணையோடு சேர்ந்தது. ஐம்பத்தெட்டு வயதில் எங்கே போவது? மனைவி சரோஜினியிடம் மூச்சு விடவில்லை.

மே 16

ஐயோ. எப்படி எழுதுவேன்.

லாயச் சுவர் இரத்தச் சிவப்பு. ஹென்னிங் சாய்ந்திருந்த அதே இடம். முன்னால் கிர்ஸ்டன் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

"இது அப்பாவின் இரத்தமா?"

சரோஜினி ஓடி வந்தாள். "இஞ்சருங்கோ, நான்தான்... செத்த துடக்குக் கழியட்டுமெண்டு விடியவே மஞ்சள் தண்ணி தெளிச்சனான்."

ஆலாத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைக்கிற கைதானே! மஞ்சள் சுண்ணாம்பில் பட்டால் சிவக்கும் என்று தெரியாதா? கிர்ஸ்டன் முன்னாலேயே கத்திவிட்டேன். வீடு போச்சு, எல்லாம் போச்சு.

சரோஜினி தனக்குத் தெரிந்த டெனிஷில் கிர்ஸ்டனிடம் சொன்னாள்: "மஞ்சள்தான். எங்கடை வீட்டிலை ஆரும் செத்தால் செய்யிறது."

கிர்ஸ்டன் பண்ணை மாளிகைக்குள் போய்விட்டாள்.

மே 17

சிவப்பை மறைக்கச் சுண்ணாம்பு வாளியோடு போனேன். கிர்ஸ்டன் தடுத்தாள். "அடக்கம் முடியும்வரை அப்படியே இருக்கட்டும். அப்பா தனியாகவா இருந்தார்?"

கையைப் பிடித்திருந்ததைச் சொன்னேன்.

"நான் அவரோடு பேசிப் பதினொரு வருடம்" என்று அங்கேயே புல்லில் உட்கார்ந்து அழுதாள். அவள் இங்கே வருவதில்லை என்று தெரியும்; பதினொரு வருடம் பேச்சே இல்லையா? பெற்ற தகப்பனோடா?

ஜூன் 20

விற்பனை விளம்பரம் வந்துவிட்டது. மாளிகை, லாயம், காடு, இருநூறு ஹெக்டேயர் நிலம். மூன்று தரம் வாசித்தேன். கேற்றடி வீடு இல்லை.

தவறவிட்டார்களோ? விற்பனை முகவருக்குப் போன் எடுத்தேன்.

"அது விற்பனைக்கு இல்லை" என்றான். "அதில் குடும்பத்து ஆட்கள் இருக்கிறார்களாம்."